கறுப்பு வெள்ளையில் புயல்: சில யோசனைகள்

ஆன்ஸல் ஆடம்ஸின் 'மௌண்ட் வில்லியம்ஸன்' புகைப்படத்தைக் கடந்த பத்து வருஷங்களில் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று சொல்ல முடியாது. 1944இல் கலிபோர்னியாவில் எடுக்கப்பட்டது. முன்னால் பாறைகள், யானைகள் படுத்துக் கிடப்பதுபோல் ஒன்றையடுத்து ஒன்றாக மலையடிவாரம்வரை போகின்றன. அதற்கப்பால் ஸியரா நெவாடா மலைத்தொடர். சிகரங்களின்மீது புயல் மேகம். மேகத்தைக் கிழித்துக்கொண்டு ஒளி கீழே விழுகிறது. மனிதர் யாரும் இல்லை. வங்கியில் பகல் முழுவதும் மனிதர்களையும் அவர்களுடைய கையெழுத்துகளையும் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு இந்த இல்லாமையே பெரிய ஆறுதல். படத்தின்முன் நான் என்னிலிருந்து கொஞ்சம் விடுபடுகிறேன். இந்த விடுதலைக்கு விலை கொடுப்பது யார் என்பதுதான் என் சங்கடம்.

முதலில் ஒரு சுலபமான ஆட்சேபத்தை ஒதுக்கிவிடலாம்: இப்படிப்பட்ட வானம் எங்கும் கிடையாது, ஆகவே இது பொய் என்பது. கிடையாதுதான். நீலத்தைத் தடுக்கும் சிவப்பு ஃபில்டரை லென்ஸின் முன் வைத்தால் நீல வானம் கறுத்துப்போகும். மேகம் வெள்ளையாகவே நிற்கும். 1927 ஏப்ரல் 10 அன்று யோஸெமிட்டியில் ஹாஃப் டோம் பாறையின் எதிரே நின்ற ஆடம்ஸ், மஞ்சள் ஃபில்டரில் ஒரு பிளேட் எடுத்தார். அது தன் மனத்திலிருந்த மலை அல்ல என்று பட்டதால், எஞ்சியிருந்த ஒரே பிளேட்டைக் கருஞ்சிவப்பு ஃபில்டரில் எடுத்தார். பட்டப்பகலில் வானம் இரவாகிவிட்டது. பியானோ பயின்றவர் அவர். நெகடிவை ஸ்வரக் குறிப்புக்கும் பிரிண்டைக் கச்சேரிக்கும் ஒப்பிட்டார். 1941இல் எடுத்த 'மூன்ரைஸ்' படத்தின் ஆரம்பப் பிரிண்டுகளில் வெளிறியிருந்த வானம் பிற்காலப் பிரிண்டுகளில் கன்னங்கரேலென்று ஆனது. இதையெல்லாம் பொய் என்றால் கவிதையில் ஒரு வரிகூட மிஞ்சாது.

உலகம் நொறுங்கிக்கொண்டிருக்கும்போது ஆடம்ஸும் வெஸ்டனும் பாறைகளைப் படமெடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கார்த்தியே-ப்ரெஸன் குறைப்பட்டதாகச் சொல்வதுண்டு. இந்தக் குரல் நமக்குப் பழக்கமானதுதான். அதற்குப் பதில் சொல்லிச் சொல்லியே நம் சிறுபத்திரிகைகள் பாதித் தாளைச் செலவழித்திருக்கின்றன. ஆனால் ஆடம்ஸ் விஷயத்தில் இது அப்படியே பொருந்துவதில்லை. காரணம், நான் சொன்ன பாறைப் படம் எடுக்கப்பட்ட இடம் மான்ஸனார்.

இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசாங்கம் அடைத்துவைத்த முகாம்களில் ஒன்று அது. முள்வேலிக்குள் சுமார் 10,000 பேர். ஆடம்ஸ் 1943-44இல் அங்கே பலமுறை சென்று அவர்களைப் படமெடுத்தார். அவர்கள் விசுவாசமான குடிமக்கள் என்று வாதாடி, யுத்தம் நடந்துகொண்டிருந்த 1944லேயே புத்தகமும் வெளியிட்டார். லேசான காரியமல்ல. அதில், சுற்றிலும் நிற்கும் மலைகளின் கம்பீரம் முகாமில் இருந்தவர்களின் மனத்துக்கு உரமூட்டியிருக்கிறது என்ற பொருள்பட எழுதுகிறார். எனக்கு இடறுவது இங்கேதான். மலை உரமூட்டியிருக்கலாம். அதைச் சொல்லவேண்டியவர் வேலிக்குள் இருப்பவர். வேலை முடிந்ததும் காரில் ஏறிப் போகிறவர் அல்ல.

அதே மான்ஸனாரில் 1942 ஜூலை 3 அன்று டோரதியா லாங் ஒரு புயலைப் படமெடுத்திருக்கிறார். புழுதிப் புயல். தார்க்காகிதம் போர்த்திய கொட்டகைகள், கொடிக்கம்பம், காற்றில் பறக்கும் கொடி, பின்னால் மங்கலாக மலை. இதுவும் கறுப்பு வெள்ளைதான். ஆனால் சரியான கறுப்பும் இல்லை, சரியான வெள்ளையும் இல்லை. எல்லாம் ஒரே புழுதிச் சாம்பல். அந்தக் கொட்டகைகளைப் பார்த்ததும், உள்ளே யாரோ கதவிடுக்கில் துணியைச் செருகிக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றிவிடுகிறது. லாங்கை வேலைக்கு அமர்த்தியது அரசாங்கம். அவருடைய படங்களை யுத்தகாலம் முழுவதும் முடக்கிவைத்ததும் அரசாங்கமே. இதை நான் சுவரில் மாட்டிக்கொள்ள மாட்டேன். ஆடம்ஸின் புயல் யாருக்கும் நேரவில்லை. லாங்கின் புயல் சிலருக்கு நேர்கிறது.

இந்த வித்தியாசம் எனக்கு உறைத்தது புத்தகத்திலிருந்து அல்ல. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, நான் பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிளையில் வேலையாயிருந்தேன். மூன்றாம் நாள் எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் தோப்புக்குப் போனோம். தென்னைகள் ஒரே திசையில் படுத்திருந்தன. செல்போனில் படமெடுத்தேன். அன்று ராத்திரி மின்சாரமில்லாத அறையில், மிச்சமிருந்த சார்ஜில், அதன் நிறத்தை நீக்கிப் பார்த்தேன். அபாரமாக இருந்தது. நானே ஆடம்ஸாகிவிட்டதுபோல் ஒரு கிளர்ச்சி. மறுபடி நிறத்தோடு பார்த்தபோதுதான் கவனித்தேன், ஓலைகள் பச்சையாக இருந்தன. விழுந்த மரத்தில் பச்சை என்றால் சற்றுமுன்புவரை உயிர் இருந்தது என்று அர்த்தம். இன்னும் சில நாளில் பழுப்பாகிவிடும். நிறத்தை எடுத்தபோது அந்தச் சற்றுமுன்பையும் சேர்த்து எடுத்துவிட்டேன். மிஞ்சியது ஏதோ புராதனச் சிதைவு. ஹம்பியைப் பார்ப்பதுபோல் பார்க்கலாம். யாரும் எதையும் இழந்ததாகத் தெரியாது.

இதனால் ஆடம்ஸை நான் கைவிட்டுவிடவில்லை. புயல் யாரையும் உத்தேசித்து வருவதில்லை. மலைக்கு முகாமும் தெரியாது, வேலியும் தெரியாது. இது உண்மை, அவர் படத்தில் இருப்பதும் இதுதான். ஆனால் இந்த உண்மையை நின்று பார்க்க, கூரை பறிபோகாதவனாக இருக்கவேண்டியிருக்கிறது. இப்போதும் அந்தப் பாறைகளைப் பார்க்கிறேன். பார்க்கும்போது லாங்கின் சாம்பல் புழுதி எங்கோ ஓரத்தில் வந்துவிடுகிறது. பழைய விடுதலை முழுசாகக் கிடைப்பதில்லை.

ஒரு மாதம் கழித்து அந்தத் தோப்புக்காரர், தென்னைக்கு வாங்கியிருந்த கடன் விஷயமாகக் கவுண்டருக்கு வந்தார். என்ன நினைத்தேனோ, கறுப்பு வெள்ளைப் படத்தை அவரிடம் காட்டினேன். பரிகாரம் என்று அப்போது நினைத்தேன், பெருமையாகவும் இருக்கலாம். கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இது அம்பத்திரண்டு புயல் படமா சார்? எங்கப்பா சொல்லுவாரு" என்றார்.

அவருடைய தோப்புதான் என்று நான் சொல்லவில்லை. போனை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டேன். விண்ணப்பத்தில் விழுந்த மரங்களின் எண்ணிக்கை எழுதாமல் இருந்தது. அதைக் கேட்டு நிரப்பினேன்.