மேலிருந்து நீளும் கை

சிரியாவில், யூப்ரடீஸ் ஆற்றின் கரையில், தூரா யூரோப்போஸ் என்றொரு கோட்டை நகரம் இருந்தது. ரோமர்களின் எல்லைக் காவல் ஊர். அங்கே மேற்கு மதிலை ஒட்டிய தெருவில் யூதர்கள் ஒரு வீட்டையே ஜெப ஆலயமாக மாற்றிக்கொண்டார்கள். கி.பி. 244–45இல் அதைப் பெரிதாகக் கட்டி, பிறகு நாலு சுவரிலும் ஓவியம் தீட்டினார்கள்.

சுரூபம் எதையும் உண்டாக்காதே என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. அதனால் யூதர்களுக்கு ஓவிய மரபே இருந்திருக்காது என்று அறிஞர்கள் பலர் நம்பியிருந்தார்கள். 1932இல் இந்தச் சுவர்களை மூடியிருந்த மண் அகன்றது. நம்பிக்கையும் அதோடு போயிற்று.

பார்வோன் மகள் ஆற்றுக்குள் இறங்கி நின்று குழந்தை மோசேயைக் கையில் ஏந்துகிறாள். கடல் பிளந்து வழி விடுகிறது. சாமுவேல் தாவீதின் தலையில் எண்ணெய் வார்க்கிறார். எசேக்கியேல் கண்ட பள்ளத்தாக்கில் மாண்டவர்கள் எழுகிறார்கள். இத்தனையும் வரைந்தவர்கள் கடவுளை மட்டும் வரையவில்லை. அவர் வரவேண்டிய இடத்தில் ஓவியத்தின் மேல் விளிம்பிலிருந்து ஒரு கை நீள்கிறது. விரல்கள் விரிந்த வெறும் கை. முகமில்லை, உடலில்லை. கட்டளையை மீறாமலும், சொல்லவேண்டியதை விழுங்காமலும் இருக்க அவர்கள் கண்ட வழி அது. உலகக் கலையில் இத்தனை பணிவான கோடுகளை நான் அதிகம் கண்டதில்லை.

பாரசீக எழுத்தர்கள் சிலர் அங்கே வந்திருக்கிறார்கள். வந்து பார்த்ததை ஓவியங்களின் மேலேயே தங்கள் மொழியில் மையால் எழுதி வைத்திருக்கிறார்கள். சில ஆண்டுகளில், 256 வாக்கில், பாரசீகப் படை வந்து நகரத்தை முற்றுகையிட்டது. மதில் இடியாமல் இருக்க ரோமர்கள் அதை ஒட்டிய தெருவையும் கட்டடங்களையும் மண்ணால் நிரப்பினார்கள். ஜெப ஆலயமும் அதில் புதைந்தது. ஓவியங்கள் வெளிச்சம் கண்டது பத்துப் பன்னிரண்டு ஆண்டுதான். அத்தனை மண் கொட்டியும் நகரம் விழுந்தது. பிறகு பாழடைந்து கிடந்தது.

அந்த மண் மதிலிலிருந்து ஊர்ப்பக்கமாகச் சரிந்திருந்தது. மேற்குச் சுவர் பெரும்பாலும் முழுசாகப் பிழைத்தது. பக்கச் சுவர்கள் சாய்வாக அறுபட்டன. கிழக்குச் சுவரில் அடிப்பகுதிதான் மிச்சம். இன்று அவை டமாஸ்கஸ் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பிழைத்த மேற்குச் சுவரில்தான் யூதர்களின் வேதமான தோராச் சுருளுக்கான மாடம் இருக்கிறது. எருசலேம் இருக்கும் திசை அது. அதைப் பார்த்துத்தான் தொழுதார்கள். மாடத்தின் நெற்றியில் ஆபிரகாம், மகனைப் பலியிடக் கத்தியோடு நிற்கிறார். அவர் முகத்தைக்கூட வரையவில்லை, முதுகுதான் தெரிகிறது. மேலே, அந்தக் கை.