நெருப்பும் நிய்யத்தும்

1984 ஆம் ஆண்டு அமெரிக்காவின் டாலஸ் நகரில் ரிபப்ளிக்கன் கட்சியின் மாநாடு நடந்தபோது, கிரகரி லீ ஜான்ஸன் என்பவர் நகர மண்டபத்தின் முன் தம் நாட்டுக் கொடியைத் தீக்கிரையாக்கினார். எவருக்கும் காயமில்லை. டெக்ஸாஸ் மாநில நீதிமன்றம் அவருக்கு ஓராண்டுச் சிறையும் 2,000 டாலர் அபராதமும் விதித்தது. வழக்கு மேலேறிற்று. 1989 இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளில் ஐவர், அச்செயல் பேச்சுரிமையில் அடங்கும் என்றனர், நால்வர் மறுத்தனர். பின்னர் 2006 இல் அரசியல் சாசனத்தையே திருத்த முயன்றபோது, செனட்டில் ஒரேயொரு வாக்குக் குறைந்து அம்முயற்சி வீழ்ந்தது.

இது தூரதேசத்துச் சங்கதி என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. 2023 இல் ஹஜ்ஜுப் பெருநாளன்று, ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரப் பள்ளிவாசலுக்கு வெளியே திருக்குர்ஆன் பிரதி கொளுத்தப்பட்டபோதும் இதே பேச்சுரிமைதான் காவலாக நின்றது. கொடியை எரிப்பவனுக்கு உரிமை உண்டென்று கூறும் நாவால், இதற்கு என்ன மறுமொழி சொல்வது?

ஐவரின் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பிரென்னன். அவருடைய வாதத்தின் அச்சாணி நமக்குப் புதியதன்று. கந்தலாகிப் பயன்படுத்தத் தகாது போன கொடியை மரியாதையுடன் எரித்துவிடலாம் என்று அமெரிக்கக் கொடி விதிமுறையே கூறுகிறது. அப்படியாயின் தண்டிக்கப்பட்டது தீயன்று. தீயின் வாயிலாகச் சொல்லப்பட்ட கருத்தே. நம் வரலாற்றிலும் இதற்கு நிகருண்டு. கலீஃபா உதுமான் (ரலி) அவர்கள் திருக்குர்ஆனைப் படியெடுத்து நாடுகளுக்கு அனுப்பிய பின், ஏனைய ஏடுகளை எரித்துவிடப் பணித்தார்கள். அது வேதத்தைக் காத்த நெருப்பு. பழுதடைந்த பிரதிகளைப் புதைப்பதா எரிப்பதா என்று ஃபிக்ஹு நூல்கள் விவாதிக்கின்றன; இழிவு நேரலாகாது என்பதில் மட்டும் வேறுபாடில்லை. (டாலஸில் அன்று, பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் எரிந்த கொடியின் எச்சங்களைத் திரட்டித் தம் வீட்டுக் கொல்லையில் அடக்கம் செய்தார். தீர்ப்பிலும் அது பதிவாகியிருக்கிறது.)

செயலை நிய்யத்தே தீர்மானிக்கிறது. ஆனால் நிய்யத்தை அளப்பவர் யார்? உள்ளத்தை அல்லாஹ் அறிவான். காழி வெளிப்படையானதைக் கொண்டே தீர்ப்பளிப்பார் என்பது நம் சட்ட மரபு. கொடி வழக்கிலோ அரசே வாதி. தன்னை வெறுப்பவனின் உள்ளத்தைத் துருவித் தண்டிக்கும் அதிகாரத்தை அதனிடம் ஒப்படைத்தால், நாளை அது எதனைத்தான் விட்டுவைக்கும்? நம் இந்தியாவில் 1971 ஆம் ஆண்டுச் சட்டப்படி கொடியை எரிப்போருக்கு மூன்றாண்டு வரை சிறையுண்டு. கொடி எரிப்பது பண்பற்ற செயல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் பண்பற்றவை யாவும் சிறைக்குரியவை ஆகிவிடா.

வேதத்தை எரிப்பதற்கும் இதுதானா விடை? அன்று என்பேன். அதே அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2003 இல், வர்ஜீனியா மாநில வழக்கொன்றில், பிறரை அச்சுறுத்தும் நோக்குடன் சிலுவையைக் கொளுத்துவதை மாநிலங்கள் தடுக்கலாம் என்றது. கறுப்பின மக்களை நடுங்கச் செய்யக் கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தார் கையாண்ட வழக்கம் அது. கொடியை எரிப்பவன் தன்னினும் வலிய அரசை நோக்கிப் பேசுகிறான். பெருநாளன்று பள்ளிவாசலின் வாயிலில் வேதத்தை எரிப்பவனோ, பிள்ளைகளின் கைபிடித்துத் தொழ வரும் சிறுபான்மையினரை நோக்கி நிற்கிறான். காலமும் இடமும் வெளிப்படையானவை; அவற்றைக் காண உள்ளத்தைத் துருவ வேண்டுவதில்லை. எல்லா வழக்கிலும் இக்கோடு இவ்வளவு தெளிவாகத் தெரியும் என்று நான் வாதிடவில்லை.

2023 டிசம்பரில் டென்மார்க் நாடு வேதநூல்களைப் பொதுவிடத்தில் அவமதிப்பதைத் தடைசெய்தபோது நம்மவர் மகிழ்ந்தனர். அச்சட்டம் நமக்காக மட்டும் எழுதப்பட்டதன்று. பைபிளும் தவ்ராத்தும் அதன் காவலில் அடங்கும். அல்லாஹ்வையன்றிப் பிறர் அழைப்பவற்றை ஏசலாகாது என்று அல்அன்ஆம் அத்தியாயம் நமக்கு இட்ட கட்டளையோ, எந்த நாட்டுச் சட்டத்தையும் எதிர்பார்த்து நிற்பதன்று.