அந்தப் பழம் இனிப்புத்தான்

ஒருவர் தமக்குப் பிடித்தமான ஒன்றை இழந்துவிட்டால், ஆறுதல் சொல்ல வருபவர்கள் முதலில் அந்தப் பொருளைத்தான் மட்டந்தட்டுவார்கள். வேலை போனவரிடம் "அதுவும் ஒரு வேலையே" என்பார்கள். பேசி முற்றான கலியாணம் குழம்பினால் "அந்தக் குடும்பத்திலை போய் விழாமல் தப்பினாய்" என்பார்கள். வீட்டை விற்றவரிடம் அந்த வீட்டு வாசல் திசையே பிழை என்பார்கள். எல்லாம் அன்பினால் சொல்வதுதான். திராட்சை எட்டாத நரி, பழம் புளிக்கும் என்று தானாகச் சொல்லிக்கொண்டது. நமக்கு அதைச் சொல்லித்தர வீடு நிறைய ஆட்கள் இருக்கிறார்கள்.

முள்ளந்தண்டு உடைந்து படுக்கையில் கிடந்த காலத்தில் இந்த ஆறுதலை நிறையக் கேட்டேன். எனக்கு எட்டாமற்போனது ரோலர் கோஸ்ரர்.

ரொறன்ரோவுக்கு வடக்கே வோன் நகரில் 1981இல் திறந்த கனடாஸ் வொண்டர்லாண்ட், ஸ்காபரோவில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பழகிய இடம். பள்ளிக்கூடத்தில் கூட்டிக்கொண்டு போவார்கள். ஊரிலிருந்து சொந்தக்காரர் வந்தால் நாங்கள் கூட்டிக்கொண்டு போவோம். மத்தியானம் வெளியே வந்து, கார் டிக்கியைத் திறந்து வைத்து ரோல்ஸும் கட்லற்றும் சாப்பிட்டுவிட்டு மறுபடி உள்ளே ஓடுவோம். பெரும்பாலானவர்களுக்கு இது அந்த வயதோடு முடிந்துவிடும். எனக்கு முடியவில்லை. வேலைக்குப் போன பிறகும், கலியாணம் கட்டிய பிறகும், மீசையில் நரை விழுந்த பிறகும் என்னுடைய கோடை விடுமுறை எல்லாம் ஒஹாயோவின் சீடார் பொயின்ற், பென்சில்வேனியாவின் பழைய மரக் கோஸ்ரர்கள் என்றுதான் கழிந்தது.

அதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களிடம் வொண்டர்லாண்டில் இருக்கிற பெஹெமொத்தைத்தான் சொல்வேன். 2008இல் வந்தது, 70 மீற்றர் உயரம். தோளை அமுக்குகிற கவசம் எதுவும் கிடையாது. தொடைக்கு மேலே ஒரு தடுப்பு, அவ்வளவுதான். முதல் இறக்கம் முடிந்தபின் ஒன்றன்பின் ஒன்றாக மேடுகள் வரும். ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் வண்டி கீழ்நோக்கி வளையும்போது உடம்பு மட்டும் மேலேயே போகப் பார்க்கும். இருக்கைக்கும் உடம்புக்கும் நடுவில் கொஞ்சம் காற்றுப் புகும். எங்கள் கூட்டத்தில் இதை எயார்ரைம் என்போம். அந்த ஒன்றிரண்டு விநாடியில் உடம்புக்குப் பாரம் இல்லை. வீட்டுக் கடன், அலுவலகக் கோபம், நாளைக்கு யாருக்கு என்ன பதில் சொல்வது என்கிற யோசனை எதுவும் அந்த விநாடிக்குள் நுழைய இடமில்லை. எனக்குத் தெரிந்த சந்தோசங்களில் இவ்வளவு சுத்தமானது வேறில்லை.

நான் விழுந்தது கோஸ்ரரில் இல்லை. வீட்டு வாசலில். பகலில் உருகிய பனி இரவில் மறுபடி உறைந்து, தாரின் நிறத்திலேயே கண்ணாடித் தாள்போல் படிந்து கிடக்கும். பிளாக் ஐஸ் என்று இங்கே குழந்தைகளுக்கும் தெரியும். விடியப்புறம் குப்பைத் தொட்டியைத் தெருவோரம் வைக்கப் போனவன் கால் வழுக்கி, இரண்டு கையும் காற்றில் இருக்க, இருந்தபடியே விழுந்தேன். இடுப்புப் பகுதியின் முதலாவது முள்ளென்பு வெடித்தது. இப்படி விழுபவர்களுக்கு அநேகமாக அந்த இடத்தில்தான் உடையுமாம். மேலே நெஞ்சுப் பகுதியை விலா எலும்புகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. கீழே இடுப்பு வளைந்து கொடுக்கும். அசையாததும் அசைவதும் சந்திக்கிற அந்த மூட்டில் விழுந்த விசை முழுவதும் வந்து சேர்கிறது. எலும்புத் துண்டொன்று நரம்பு போகிற குழாய்ப் பக்கம் நகர்ந்திருந்தது. சத்திரசிகிச்சை செய்து, மேலும் கீழுமுள்ள எலும்புகளில் ரைற்றானியத் திருகாணிகளை ஏற்றி, இரண்டு கம்பிகளால் பிணைத்தார்கள். கால்விரல் அசைகிறதா என்று அவர்கள் பார்த்த நேரத்தில் எனக்குத் தெரிந்த கடவுள் பெயரெல்லாம் வாயில் வந்தது. அசைந்தது.

வீட்டுக்கு வந்தபின் மாமி கூழ் காய்ச்சிக்கொண்டு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு சொன்னார்: "தம்பி, எல்லாம் நல்லதுக்குத்தான் எண்டு நினை. அந்த விசர்ச் சாமானிலை ஏறி ஏறித்தான் உன்ரை முதுகு பழுதாப் போயிருக்கும். இனியாவது விட்டிடு." வாசலில் வழுக்கி விழுந்தவனுக்குக் கோஸ்ரர் எப்படிக் காரணமாகும் என்று நான் கேட்கவில்லை. கூழ் நன்றாக இருந்தது. ஆனால் அடுத்தடுத்து வந்தவர்களும் அதையே சொன்னார்கள். நண்பர்கள் சொன்னார்கள், அலுவலகத்தில் சொன்னார்கள். கோஸ்ரர் என்றால் உயிரோடு விளையாடுகிற பைத்தியம். அதை விட்டது புத்தி வந்ததற்கு அடையாளம். ஆகவே நான் இழந்தது ஒன்றுமில்லை. கணக்கு இப்படி முடிந்தது.

இந்தக் கணக்கு எனக்குச் சம்மதமில்லை.

கோஸ்ரர் உயிரோடு விளையாடுகிற காரியம் இல்லை. ஒரு காலத்தில் இருந்திருக்கலாம். 1895இல் நியூயோர்க்கின் கோனி ஐலண்டில் ஆளைத் தலைகீழாகச் சுற்றிய ஃபிளிப் ஃபிளாப் என்ற கோஸ்ரரின் வளையம் முழு வட்டம். வேகமாக வந்து வட்டத்துக்குள் நுழைகிற அந்தக் கணத்திலேயே முழுப் பாரமும் கழுத்தில் இறங்கும்; வலியோடு இறங்கியவர்கள் பலர். எங்கள் ஒன்ராறியோவிலேயே, ஈரி ஏரிக்கரையில், கிறிஸ்ரல் பீச்சில் 1927இல் ஹரி ட்ரேவர் கட்டிய சைக்கிளோன் என்ற கோஸ்ரரில் இறங்குமிடத்தில் ஒரு தாதியைக் கடமையில் வைத்திருந்தார்கள். 1946இல் அதை மூடிவிட்டு, அதன் இரும்பில் ஒரு பகுதியை எடுத்து 1948இல் கொமெற் என்ற புதியதைக் கட்டினார்கள். கொமெற் பின்னாளில் நியூயோர்க் மாநிலத்துக்கு இடம் மாறி, லேக் ஜோர்ஜ் பக்கம் இன்றைக்கும் ஓடுகிறது. ஆளை நோகடித்த இரும்பே கணக்குத் திருந்தியபின் ஆளைச் சிரிக்க வைக்கிறது.

அந்தக் கணக்கைத் திருத்தியவர்களில் ஜெர்மன் பொறியியலாளர் வேர்னர் ஸ்ரெங்கல் முக்கியமானவர். 1976இல் கலிபோர்னியாவில் அன்ரன் ஸ்வார்ட்ஸ்கொப்ஃப் கட்டிய ரெவலூஷனுக்கு அவர் வரைந்த வளையம் முழு வட்டம் அல்ல, நீர்த்துளி வடிவம். நுழையும் இடத்தில் அகலம், உச்சியில் ஒடுக்கம்; பாரம் உடம்பில் படிப்படியாக ஏறிப் படிப்படியாக இறங்கும். வண்டி பக்கவாட்டில் புரளும் இடங்களுக்கு அவர் கண்ட வழி இன்னும் அழகு. தண்டவாளத்தை நடுவாக வைத்து ஆளைச் சுழற்றினால் தலை வீசுப்படும். ஆகவே ஆளின் நெஞ்சு ஏறத்தாழ அதே கோட்டில் இருக்க, அதைச் சுற்றித் தண்டவாளம் புரளும்படி செய்தார். முன்பின் தெரியாத ஒருவருடைய நெஞ்சையும் கழுத்தையும் மனதில் வைத்து யாரோ ஒருவர் மேசையில் இருந்து கணக்குப் போட்டிருக்கிறார். நான் விரும்பி ஏறியது அந்தக் கவனத்தின் மேல்தான்.

இதை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உடம்பாலேயே உணர்ந்தேன். என்னைப் புரட்ட மூன்று பேர் வருவார்கள். ஒருவர் தோளைப் பிடிப்பார், ஒருவர் இடுப்பை, ஒருவர் கால்களை. ஒருவர் எண்ண, எண்ணி முடிந்ததும் தோளும் இடுப்பும் காலும் ஒன்றாகத் திரும்பும். தோள் முந்தி இடுப்பு பிந்தினால் உடைந்த இடம் முறுகும். ஒரு நாள் இரவு வேலைக்கு வந்த தாதி, புரட்டுவதற்கு முன்னர் என் வலது கையைத் தூக்கி என் நெஞ்சின்மேல் வைத்து, தன் உள்ளங்கையால் அதை ஒரு கணம் அழுத்திவிட்டு எண்ணத் தொடங்கினார். திரும்பும்போது எனக்கு வலிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பெஹெமொத்தின் இருக்கையில் இருந்தபோது எப்படி உடம்பை ஒப்புக்கொடுத்தேனோ அப்படியே அந்த மூன்று பேரிடமும் ஒப்புக்கொடுத்தேன். எங்கே எப்படி என்னைத் திருப்ப வேண்டுமென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வாசல் பனியில் அப்படி யாரும் எனக்காகக் கணக்குப் போட்டு வைத்திருக்கவில்லை.

பிறகு வந்த மாதங்களைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. முதுகுக் கவசம், குனியாதே, தூக்காதே, முறுக்காதே என்ற மூன்று கட்டளைகள், குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். எலும்பு பொருந்தியபிறகும் பயம் பொருந்தவில்லை. பிஸியோதெரபிஸ்ற் ஒரு தாளைத் தந்தார். அசைவதற்கு ஒருவர் எவ்வளவு பயப்படுகிறார் என்று அளக்கிற 17 கேள்விகள் அதில் இருந்தன. வெயில் காய்கிற தரையிலேயே நான் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்துகொண்டிருந்த காலம் அது. ஆபத்து இல்லாத இடத்தில் உடம்பைப் பூட்டி வைப்பதும் ஒரு நோய்தான், அதற்கும் வைத்தியம் உண்டு என்றார் அவர். கதிரையின் நுனியில் இருந்து எழும்புவது, படி ஏறுவது, பிறகு வெறும் வாளி, பிறகு அரை வாளி தண்ணீர் என்று என்னை வெளியே கொண்டுவந்தவர் அவர்.

கோஸ்ரரைப் பற்றிச் சத்திரசிகிச்சை வைத்தியரிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். மிரட்டவில்லை, படத்தைத் திரையில் போட்டுக் காரணம் காட்டினார். கம்பி போட்ட இடம் இனி அசையாது. அது செய்ய வேண்டிய அசைவை அதற்கு மேலும் கீழும் இருக்கிற மூட்டுகள் சேர்த்துச் செய்கின்றன. அந்த மூட்டுகளின் டிஸ்குகளுக்கு நேரான இரத்த ஓட்டம் இல்லை, பழுதானால் ஆறுவது கடினம். இருக்கிற பாரமே அவற்றுக்கு அதிகம் என்றார். இது கணக்கு. ஸ்ரெங்கலின் கணக்கை நம்பியவன் இந்தக் கணக்கையும் நம்பத்தான் வேண்டும். முதுகில், கழுத்தில் குறை உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று ஒவ்வொரு கோஸ்ரரின் வாசலிலும் பலகை இருக்கிறது. அது இப்போது என்னைப் பற்றிய பலகை. நான் ஏறமாட்டேன்.

ஆனால் வொண்டர்லாண்டுக்குப் போகிறேன். அக்காவின் மகனுக்கு இப்போது இதில் பித்து. அவனுடைய பையையும் தொப்பியையும் வைத்துக்கொண்டு கீழே நிற்பேன். அங்குள்ள இன்னொரு கோஸ்ரரான லெவையதன் 93 மீற்றர் உயரம், 2012இல் வந்தது, மணிக்கு 148 கிலோமீற்றர் வேகம். அதன் வண்டி பூங்காவின் முன்வாசலுக்கு மேலாகத் திரும்பிப் போகும்போது ரிக்கற் வரிசையில் நிற்பவர்கள் தங்களையறியாமல் தலையைக் குனிவார்கள். பெஹெமொத்தின் மேட்டுக்கு அருகில் நின்றால் சக்கரங்களைப் பார்க்கலாம்: தண்டவாளத்தின் மேலே ஓடுவது, பக்கத்தில் பிடிப்பது, அடியில் கவ்வுவது. அந்த அடிச்சக்கரத்துக்கு ஜோன் மில்லர் 1919இல் காப்புரிமை பெற்றார். அது இல்லாவிட்டால் எயார்ரைமே இல்லை, வண்டியே பறந்துவிடும்.

பார்ப்பது ஏறியதற்கு ஈடாகுமா என்று கேட்டால், இல்லை. கீழே நின்று பார்ப்பதில்தான் உண்மையான இன்பத்தைக் கண்டேன் என்று எழுதினால் அதுவும் ஒரு புளித்த பழந்தான். மேட்டின் உச்சியில் வண்டி வளையும்போது என் தொடை இன்றும் இறுகுகிறது. அது எனக்கு வேண்டும், கிடைக்காது. இரண்டும் உண்மை. இரண்டையும் ஒரே கையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதனால் நன்றாக வாழ முடியும் என்பதற்கு என் வீட்டிலேயே ஆள் இருக்கிறார்.

அப்பாவுக்கு வலிகாமம் வடக்கில் செம்மண் தோட்டம் இருந்தது. வெங்காயமும் புகையிலையும். 1990இல் அங்கிருந்து எழும்பினோம். பிறகு அந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. இங்கே வந்தபின் அவருக்கும் எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள்: "அங்கை இருந்திருந்தால் இப்பவும் வெயிலுக்கை கிண்டிக்கொண்டுதான் இருப்பியள் அண்ணை. இஞ்சை என்ன குறை?" அப்பா மறுத்துப் பேசமாட்டார். "அது நல்ல மண்" என்பார். கனடாவை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. தொழிற்சாலை வேலையை ஒழுங்காகச் செய்தார், வீடு வாங்கினார், பின்வளவில் கத்தரியும் மிளகாயும் வைத்தார். மண்ணைப் பற்றி யார் கேட்டாலும் அதே வார்த்தை. சிலர் அவரைப் பழசை நினைத்துக்கொண்டிருப்பவர் என்றார்கள். ஒரு நல்ல பொருளை நல்லது என்று சொன்னதைத் தவிர அவர் வேறொன்றும் செய்யவில்லை. அந்த மண்ணை அவர் தரிசு என்று சொல்லியிருந்தால், அதில் கழிந்த இருபது வருட உழைப்பையும் சேர்த்துத் தரிசாக்கியிருப்பார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். முழங்கால் தேய்ந்து சைக்கிளை விட்டவர், கை நடுங்கத் தொடங்கியபின் மிருதங்கத்தை உறை போட்டு மூடியவர், கண் மங்கித் தையல் மெசினைக் கொடுத்துவிட்டவர். அவரிடம் போகும்போது, சைக்கிள் ஆபத்து, மிருதங்கத்தில் வருமானம் இல்லை, தைத்தது போதும் என்று சொல்லாதீர்கள். எந்தக் கச்சேரி நன்றாக அமைந்தது, யாருக்குத் தைத்த சட்டை மிக அழகாக வந்தது என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை இருக்க நேரம் வைத்துக்கொண்டு போங்கள்.