பெயரும் மாதிரியும்

ஒரு புதிய சிலந்தி இனத்தை விவரிப்பது என்றால், காட்டில் அதுவரை யாரும் காணாத ஒன்றைக் காண்பது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். காண்பது அதில் சிறு பங்குதான். சிலந்தியைப் பிடித்துச் சாராயத்தில் போட்டு, நுண்ணோக்கியின் கீழ் கிடத்தி, கண்களின் வரிசையையும் கால்களின் நீளத்தையும் அளந்து, முக்கியமாக அதன் இனப்பெருக்க உறுப்பை வரைந்து, ஏற்கெனவே பெயர் பெற்றவற்றிலிருந்து இது எவ்வாறு வேறு என்று எழுதி அச்சிட வேண்டும். அந்த உடல் மாதிரியாகிறது. பெயர் அதன் பிறகு அந்த உடலைச் சார்ந்தே நிற்கும். ஸ்வீடனில் கார்ல் கிளெர்க் 1757இல் வெளியிட்ட புத்தகத்திலிருந்து தொடங்கும் இந்தக் கணக்கு 2022இல் 50,000 இனங்களை எட்டியது.

சாராயத்தில் நிறம் வெளிறிவிடுகிறது. உடலோடு இரை வருவதில்லை, மரம் வருவதில்லை, பயம் வருவதில்லை. அப்படியானால் விவரிக்கப்படுவது எது?

1896இல் ஜார்ஜ் பெக்கமும் அவர் மனைவி எலிஸபெத்தும் குவாதமாலாவிலிருந்து கிடைத்த, ஐந்தாறு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு குதிக்கும் சிலந்தியை விவரித்தார்கள். அதற்குப் 'பகீரா கிப்ளிங்கி' என்று பெயரிட்டார்கள். 1894இல் வெளிவந்த கிப்ளிங்கின் காட்டுக் கதைகளில் வரும் கருஞ்சிறுத்தைதான் பகீரா. இந்தியக் காட்டுச் சிறுத்தையின் பெயர் மத்திய அமெரிக்கச் சிலந்திக்குப் போய்ச் சேர்ந்தது. குதிக்கும் சிலந்திகள் வலை பின்னிக் காத்திருப்பவை அல்ல. பார்த்து, பதுங்கி, பாய்பவை. பெயர் பொருத்தமாகவே பட்டிருக்க வேண்டும்.

2009இல் வெளியான ஓர் ஆய்வு, உயிரோடு இருக்கும் பகீராவைப் பற்றி வேறொன்று சொன்னது. மெக்ஸிகோவிலும் கோஸ்டாரிகாவிலும் அது ஒருவகை வேல மரத்தில் வாழ்கிறது. அந்த மரத்தின் உள்ளீடற்ற முட்களில் எறும்புகள் குடியிருந்து மரத்தைக் காவல் காக்கின்றன. கூலியாக மரம் தன் சிற்றிலைகளின் நுனியில் சத்து நிறைந்த சிறு மணிகளைத் தருகிறது. பகீரா காவல் காப்பதில்லை. எறும்புகளின் கண்ணில் படாமல் தாவித் திரிந்து அந்த மணிகளைத் தின்கிறது. மெக்ஸிகோவில் அதன் உணவில் 90 சதவீதத்துக்கும் மேல் இதுதான். சிறுத்தையின் பெயர் தாங்கிய சிலந்தி, பெரும்பாலும் மரக்கறி உண்டு வாழ்வதாகத் தெரியவந்த முதல் சிலந்தியாக ஆயிற்று.

இங்கே ஒரு சுலபமான முடிவு நமக்காகக் காத்திருக்கிறது: அறிவு கொன்று பெயரிடுகிறது, அனுபவம்தான் உயிரை அறிகிறது. சிறு பத்திரிகைகளில் இத்தகைய முடிவுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இது பொய். பெக்கம் தம்பதி உயிரை அறியாதவர்கள் அல்ல. குதிக்கும் சிலந்திகளின் காதல் நடனங்களை உட்கார்ந்து கவனித்து 1889இலேயே எழுதியவர்கள். மேலும், மரத்தடியில் நின்று பார்த்தவர்கள், தாங்கள் பார்த்தது எந்தச் சிலந்தி என்று சொல்ல அந்த 1896ஆம் வருஷத்து விவரணை தேவைப்பட்டது. அது இல்லாவிட்டால் 'ஏதோ ஒரு சிலந்தி எதையோ தின்றது' என்பதோடு விஷயம் முடிந்திருக்கும்.

வங்கியில் கணக்குத் தொடங்குகிறவரிடம் மாதிரிக் கையெழுத்து வாங்கி வைக்கிறோம். பிறகு வரும் காசோலையை அதனோடு ஒத்துப் பார்க்கிறோம். அந்தக் கையெழுத்து மனிதரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. இவர்தான் அவர் என்று சொல்ல உதவுகிறது, அவ்வளவே. அதைக்கொண்டு ஒருவருடைய நாணயத்தை அளக்க முற்படும் குமாஸ்தா தன் வேலையைப் புரிந்துகொள்ளாதவன். விலங்குப் பெயர்களுக்கான சர்வதேச விதிகளும் இதையேதான் சொல்கின்றன: பொருத்தமில்லை என்பதற்காக ஒரு பெயரை நீக்க முடியாது. பெயர் ஒரு கூற்று அல்ல. சிறுத்தையைப் பெயரிலிருந்து எடுத்துச் சிலந்தியின் வாழ்க்கைக்குள் வைத்துப் படிப்பவர்கள் நாம்தான். முதல் தொகுதியைப் படித்துவிட்டு ஒரு கவிஞனை 'இருத்தலியல்வாதி' என்று குறித்துக்கொண்டு, அடுத்த முப்பது வருஷம் அவன் எழுதுவதையெல்லாம் அந்தச் சொல்லுக்குள்ளேயே படிக்கும் விமர்சகன் செய்வதும் இதுதான்.

இனி, கொலை. இதைத் தாண்டிப் போய்விடுவது நேர்மையாகாது. மிகச் சிறிய சிலந்திகள் பலவற்றை, கொன்று உறுப்புகளை ஆராயாமல் பிரித்தறிய முடிவதில்லை. காடு அழியும்போது பெயரில்லாமலே சாகிறவை எண்ணற்றவை, பெயரில்லாத ஒன்றைக் காப்பாற்றச் சொல்லி யாரும் வாதாட முடியாது என்பார்கள். உண்மைதான். ஆனால் பெரிய கொலை சிறிய கொலையை இல்லாமல் ஆக்கிவிடாது. ஜாடிக்குள் கிடக்கும் அந்த ஒற்றைச் சிலந்திக்குத் தன் இனத்தின் பெயரால் எந்த லாபமும் இல்லை. அதன் சம்மதத்தையும் யாரும் கேட்கவில்லை.

எனவே இதை உரிமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடன் என்று சொல்லலாம். தேவைக்கு மேல் ஒன்றையும் கொல்லாதிருப்பது, கண்டதை முழுவதும் பிசகில்லாமல் வரைவது, இன்னொருவன் வந்து தன் கூற்றை மறுப்பதற்கு வசதியாக அந்த உடலைப் பத்திரப்படுத்துவது, அந்த உடல் தராத எதையும் அதன்மேல் ஏற்றாதிருப்பது — கடன் அடைபடும் வழிகள் இவை. கடைசியதுதான் கடினம். செத்தது எதிர்த்துப் பேசாது என்பதால், அதன் சார்பில் நாம் எதையும் பேசிவிடலாம்.

பெக்கம் தம்பதி பெயரில் காட்டிய உற்சாகத்தை விவரணையில் காட்டவில்லை. அவர்கள் ஆண் சிலந்தியை மட்டுமே விவரித்தார்கள். பெண் சிலந்தியை விவரிக்க 1996இல் இன்னொருவர் வரவேண்டியிருந்தது. நூறு வருஷம் அந்த இடம் நிரப்பப்படாமல் இருந்தது. பெயரைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இந்தக் காலி இடத்தையும் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. நம் விமர்சனத்தில் அப்படி விடப்பட்ட இடங்கள் மிகக் குறைவு.