83ஆம் பக்கத்தில் ஒரு பென்சில்

நூலகப் புத்தகத்தில் கிறுக்குவது தப்பு. அதில் அவருக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனாலும் பென்சிலில் எழுதிய அந்த ஒற்றைச் சொல் மூன்று வாரமாக அவரைத் தூங்க விடவில்லை.

ஒரு மாத இதழுக்குப் புது நாவல்களைப் பற்றி எழுதித் தருகிறவர் அவர். தமிழில் ஒரு வருஷத்துப் புனைகதைகளில் பெரும்பங்கு ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டித்தான் அச்சகத்தைவிட்டு வெளியே வரும். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தின் தூசியோடு பைகளைச் சுமந்து வீடு திரும்புகிறவர்கள் பிப்ரவரியிலோ மார்ச்சிலோதான் பிரித்துப் படிப்பார்கள். அவரும் அப்படித்தான் அந்த நாவலைப் படித்தார். படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவைக் கவனித்துக்கொள்ளும் மகளின் கதை. எழுதியவருக்கு அது முதல் நாவல். மதிப்புரையையும் எழுதி முடித்தாயிற்று. ஒரு பக்க எண்ணைச் சரிபார்க்கலாம் என்று தேடினால் புத்தகத்தைக் காணோம். இரவல் கொடுத்தது ஞாபகம் இருக்கிறது. யாருக்கு என்பதுதான் ஞாபகம் இல்லை.

பக்கத்துத் தெருக் கிளை நூலகத்தில் ஒரு பிரதி இருந்தது. ‘அன்பளிப்பு’ என்று ஊதா மையில் முத்திரை. 83ஆம் பக்கத்தின் ஓரத்தில், வரிகளுக்கு இடைஞ்சல் செய்யாமல், சின்ன எழுத்தில்: முடியவில்லை.

முற்றுப்புள்ளிகூட வைத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு எந்தப் பக்கத்திலும் பென்சில் தடம் இல்லை. அதற்கு முன்பு இருந்தது; சில இடங்களில் அடிக்கோடு, ஓரிடத்தில் சரி என்பதுபோல ஒரு குறி. 83ல் என்ன நடக்கிறது? ஒன்றும் நடக்கவில்லை. மகள் அடுப்படியில் நின்று கஞ்சி ஆற்றுகிறாள். ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்கு, அதிலிருந்து மறுபடி இதற்கு. ஒன்றரைப் பக்கம் அதுதான். கஞ்சி ஆறிய பிறகு அம்மா அதைக் குடித்தாளா என்றுகூட எழுதப்படவில்லை. அவருடைய மதிப்புரையில் இந்த இடத்துக்கு ஒரு வாக்கியம் ஒதுக்கியிருந்தார். நடுவில் சற்றே தொய்வு இருக்கிறது என்று.

முதலில் அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. முகம் தெரியாத ஒரு வாசகர் தன் தீர்ப்பை வழிமொழிந்துவிட்டார் அல்லவா! வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்போதுதான் அந்தச் சொல் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. முடியவில்லை என்றால் என்ன? இன்றைக்குக் கல்லூரிப் பிள்ளைகள் “முடியல” என்றால் கழுத்தறுப்பு தாங்கவில்லை என்று பொருள். துக்க வீட்டில் ஒருத்தர் அதையே சொன்னால் மனசு தாங்கவில்லை என்று பொருள். “அம்மாவுக்கு முடியலை” என்றால் உடம்பு சரியில்லை. எதுவுமே இல்லாமல், வாசித்து முடியவில்லை, நூலகத் தவணை முடிந்துவிட்டது என்பதாகவும் இருக்கலாம். இத்தனையையும் ஒரே சொல்லுக்குள் போட்டு வைத்திருக்கும் மொழியில் அதை ஓரத்தில் எழுதிவிட்டுப் போனால் பின்னால் வருகிறவன் என்ன செய்வான்?

வாசகர் கருத்து என்பதைப் பிழைப்பாக வைத்திருக்கிறவர் அவர். எந்த வகைக் கதைக்கு எந்த மாதிரிக் கருத்து வரும் என்பது அவருக்கு அத்துப்படி. துப்பறியும் கதை வாசகர், கொலைகாரனை மூன்றாவது அத்தியாயத்திலேயே கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்வார். சரித்திர நாவல் வாசகர், சோழர் காலத்துச் சமையலறையில் மிளகாய் எப்படி வந்தது என்பார். நியாயம்தான், போர்த்துகீசியர் வருவதற்கு முன் இங்கே காரத்துக்கு மிளகுதான். குடும்ப நாவல் வாசகருக்கு இருவரும் கடைசியில் சேர்ந்தார்களா என்பது போதும். அறிவியல் புனைகதை வாசகர் ராக்கெட்டின் எரிபொருளைக் கணக்குப் போடுவார். இலக்கிய வாசகர்? அவரிடம் ‘செறிவு’, ‘கச்சிதம்’, ‘தொய்வு’ என்று மூன்று முத்திரைகள் இருக்கும். மாற்றி மாற்றிக் குத்துவார். வெளியீட்டு விழா மேடைகளில் இன்னொரு ரகம் உண்டு. புத்தகத்தை இன்னும் முழுதாகப் படிக்கவில்லை என்று தொடங்கி நாற்பது நிமிஷம் பேசுவார்கள். கைதட்டலுக்கும் குறைவிருக்காது.

அந்த மேடைகளில் யாரும் ‘முடியவில்லை’ என்று சொல்லி அவர் கேட்டதில்லை. கேட்டது வேறொரு இடத்தில்.

மன்னார்குடிப் பக்கத்து வீட்டில் அவருடைய அத்தை, வாரப் பத்திரிகைத் தொடர்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தாள். ஒவ்வொரு பக்கத்தின் பின்னாலும் பல்பொடி விளம்பரமோ பாதி ஜோக்கோ இருக்கும். கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ அதில் தடிமனானது. வருஷத்துக்கு ஒருமுறை அத்தை அதை எடுப்பாள். மோர்க் கறை, தாளித்த எண்ணெய், மஞ்சள் விரல் என்று பக்கமெல்லாம் அவள் சமையலறை அப்பியிருக்கும். ஆனால் கடைசிப் பக்கங்கள் மட்டும் பளிச்சென்று இருக்கும். சிவகாமி ஏகாம்பரநாதரையே கணவனாக வரித்துத் தாலி கட்டிக்கொள்ளும் இடம் அது. பத்து வயதுப் பையன் அதை ஒரே மூச்சில் படித்துவிட்டு ஓடிப்போய்ச் சொல்லப் பார்த்தான். “சொல்லிடாதேடா, அதுக்கு மேல என்னால முடியாது” என்றாள் அத்தை. முடிவு அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஊருக்கே தெரிந்த கதை. தெரிந்துதான் அங்கே நிறுத்தினாளா, அல்லது ஒருநாள் யாரும் பார்க்காதபோது படித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாளா? கேட்டு வைத்திருக்கலாம். அத்தை போய் இருபது வருஷம் ஆகிறது.

கல்கியைப் பற்றி அத்தையிடம் கருத்துக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அவருக்குத் தெரியாது. ஒரு கதையைப் பாதியில் நிறுத்துவதும் கருத்துதானா என்பதுதான் இப்போது அவரைக் குடைகிறது. பிரெஞ்சு எழுத்தாளர் தானியல் பென்னாக் 1992ல் வெளியிட்ட நூலொன்றில் வாசகரின் உரிமைகள் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்; அதில் ஒரு புத்தகத்தை முடிக்காமல் விடும் உரிமையும் உண்டு. சரி, உரிமை உண்டு. அப்படி விட்டவர் சொல்வதை எந்தத் தராசில் வைப்பது?

நம்மூர்க் கதைகளையே எடுத்துக்கொள்ளலாம். ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966ல் ஆனந்த விகடனில் வந்தது. மழையில் காருக்குள் நடந்ததை வீட்டுக்கு வந்து அழுதபடி சொல்லும் மகளின் தலையில் அம்மா தண்ணீர் ஊற்றுகிறாள்; அவ்வளவோடு கறை போயிற்று என்கிறாள். வாசகர்களிடமிருந்து கிளம்பிய கண்டனம் பெரிது. கவனிக்க வேண்டியது, அவர்கள் எல்லோரும் கடைசி வரி வரை படித்தவர்கள். அவர்களுடைய கோபமே கடைசிப் பத்திகள் மேல்தான். ஜெயகாந்தன் அந்தக் கோபத்தை அப்படியே வாங்கி வேறு பாத்திரத்தில் ஊற்றினார். அம்மா அப்படித் தண்ணீர் ஊற்றாமல் அலறி ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ எழுதினார். நாவலுக்குள் வரும் ஓர் எழுத்தாளர் அந்தச் சிறுகதையை எழுதியிருக்கிறார். அந்தப் பெண்ணான கங்கா அதைப் படிக்கிறாள். வாசகர் கருத்து ஒரு நாவலாகி, 1972ல் சாகித்திய அகாதெமி விருதும் வாங்கிவிட்டது.

அடுத்து சுஜாதா. 1857 கலகத்தை வைத்து குமுதத்தில் ‘கறுப்பு சிவப்பு வெளுப்பு’ என்று ஒரு தொடரைத் தொடங்கினார். எதிர்ப்பு கிளம்பி, தொடர் நின்றது. பின்னாளில் ‘ரத்தம் ஒரே நிறம்’ என்று மாற்றி எழுதினார். எதிர்த்தவர்கள் முழுதாகப் படிக்கவில்லையே என்று குறை சொல்லவும் வழியில்லை. படிப்பதற்கு மீதிக் கதை அப்போது அச்சிலேயே இல்லை.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ கதை நேர்எதிர். நாவல் வெளிவந்தது 2010ல். நான்கு வருஷம் கழித்து, 2014 டிசம்பரில்தான் திருச்செங்கோட்டில் போராட்டம். ஊருக்குள் கைமாறியவை சில பக்கங்களின் நகல்கள். முழுப் புத்தகமும் கடையில் இருந்தது. 2015 ஜனவரியில் தனக்குள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அவர் அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: பிடிக்காத புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம், யாரும் கட்டாயப்படுத்திப் படிக்கச் சொல்லவில்லை என்கிற பொருளில்.

அப்படிப் பார்த்தால் பென்சில்காரர் நல்ல குடிமகர். அல்லது குடிமகள். புத்தகத்தை மூடினார், யாரையும் கூட்டவில்லை, ஒரு சொல் எழுதினார். தூக்கிக்கூடப் போடவில்லை, ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

மூன்றாவது வாரம் அவர் நூலகத்துக்கு மறுபடி போனார். சுவரில் சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் படம். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்று 1931ல் விதி வகுத்தவர். அந்த வாசகர் 83ஆம் பக்கத்தில் நின்றுவிட்டால் விதி நிறைவேறியதா என்று படத்தைப் பார்த்துக் கேட்கத் தோன்றியது. நூலகரிடம் புத்தகத்தைக் காட்டி, “இதை முன்னாடி எடுத்தது யாரும்மா?” என்றார்.

“அதெல்லாம் சொல்லக் கூடாது சார். ரப்பர் வேணும்னா தரேன், அழிச்சிட்டுக் குடுங்க.”

ரப்பரை வாங்கிக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தார். அழிப்பதற்கு முன் பக்கத்தை ஒருமுறை படித்துவிடலாம் என்று நினைத்தார். இங்கேதான் அவர் யாரிடமும் சொல்லாத ஒன்று. முதல் தடவை இந்த ஒன்றரைப் பக்கத்தை அவர் படிக்கவே இல்லை. மதிப்புரை கொடுக்க வேண்டிய தேதி நெருங்கிவிட்டது. இரவுப் பேருந்தில், மங்கல் வெளிச்சத்தில், கஞ்சி, டம்ளர் என்று கண்ணில் பட்டதும் தாண்டிப்போனார். தாண்டியதற்கு அவர் வைத்த பெயர்தான் தொய்வு. நாவலைக் கடைசிவரை போய் முடித்தவர் அவர். நிறுத்தியவரோ, நிறுத்திய இடத்தையாவது படித்திருக்கிறார்.

இப்போது நிதானமாகப் படித்தார். டம்ளர்கள் மாறிக்கொண்டே இருந்தன. கஞ்சி எப்போதோ ஆறியிருக்க வேண்டும், மகள் ஆற்றுவதை நிறுத்தவில்லை. அறைக்குள் போக வேண்டாமே என்றுதான் அவள் ஆற்றிக்கொண்டிருக்கிறாளா? நாவலில் அப்படி ஒரு வார்த்தை இல்லை. அது எழுத்தாளரின் நுட்பமா, அந்தப் பென்சில் சொல் பக்கத்தில் இருப்பதால் அவருக்கே தோன்றுகிறதா? ரப்பரை மேஜைமேல் வைத்தார்.

பிறகு பின்னட்டைத் தேதிச் சீட்டைப் பார்த்தார். அவருக்கு முன்னால் இரண்டு தேதிகள். இரண்டு பேர் எடுத்திருக்கலாம்; ஒருவரே புதுப்பித்தும் இருக்கலாம். 131ஆம் பக்கத்தில் மேல்முனை மடிந்திருந்தது. யாரோ அங்கேயும் நிறுத்தி, எழுந்துபோய், மீண்டும் வந்திருக்கிறார்கள். பென்சில்காரர் திரும்பி வந்தாரா? பக்க முனையை மடிக்கும் கெட்ட பழக்கம் அவருக்கும் உண்டு. மூன்று வாரமாகப் புத்தகம் அவர் வீட்டில்தான் இருந்தது. 131ஐத் தான் மடித்தோமா என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

இதழிலிருந்து உதவி ஆசிரியர் கூப்பிட்டார். “சார், லேஅவுட் போயிட்டிருக்கு. அந்தத் தொய்வு வரி இருக்கட்டுமா, எடுத்துடவா?”

“ஒரு பத்து நிமிஷம் கழிச்சுக் கூப்பிடும்மா” என்றார். நூலகத்தில் அவர் குரல் கொஞ்சம் உரக்கக் கேட்டது.