பெயர் கேளாத கருணை

துன்பவேளையில் முன்பின் அறியாத ஒருவனுக்குக் கைகொடுக்கும் மனிதன் எதனால் உந்தப்படுகின்றான்? அவ்வுணர்வு மனித இயல்பா, அன்றிக் கணநேரக் கிளர்ச்சியா? இயல்பெனின், துன்பம் தணிந்ததும் அது எங்கே மறைந்துவிடுகின்றது? ஒழுக்கவியலில் இவை பழைய வினாக்கள். எனினும் நமது நாட்டைப் பொறுத்தவரை இவை வெறும் ஏட்டு வினாக்கள் அல்ல.

2004 டிசெம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு மறுநாள், பௌத்தர்க்குப் போயா தினம். அன்று காலை எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் 30,000இற்கு மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. மாவட்டங்களுள் மிகக் கூடுதலான உயிரிழப்பைக் கண்டது, மூவினத்தவரும் வாழும் அம்பாறை மாவட்டமே. அம்மாவட்டத்துக் கரையூர் ஒன்றில் வாழ்ந்த என் அம்மம்மா அன்று உயிர் தப்பியோருள் ஒருவர். அலை அவரது சேலையை உரிந்து சென்றுவிட்டது. வேலியொன்றிற் சிக்கிக் கிடந்த அவரை இளைஞன் ஒருவன் தூக்கி நிறுத்தினான். காற்சட்டைக்கு மேல் தான் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்துப் போர்த்தினான். மேட்டு நிலத்திற் கொண்டுசென்று விட்டுவிட்டு மீண்டும் கடற்பக்கமாகவே ஓடினான். அவன் பெயரை அம்மம்மா கேட்கவில்லை. அவனும் அவரைக் கேட்கவில்லை. அந்தச் சாரம் இன்றும் எங்கள் வீட்டில் இருக்கின்றது. இந்நாட்டில் மூவினத்தவரும் சாரம் கட்டுவர். ஆதலின், அவன் யார் என்பதை அது சொல்லாது.

அனைவரையும் அடக்கியாளும் பொது அதிகாரம் ஒன்று இல்லையெனின், மனிதர் ஒருவரோடொருவர் போர் நிலையிலேயே இருப்பர் என்று ஆங்கிலத் தத்துவஞானி தோமஸ் ஹொப்ஸ் 1651இல் வெளிவந்த தமது நூலில் வாதிட்டார். அன்று காலை பல கரையூர்களில் அத்தகைய அதிகாரம் எதுவும் இருக்கவில்லை. வீதிகளும் பாலங்களும் துண்டிக்கப்பட்டிருந்தன. வெளியுதவி வந்து சேருமுன்னர் மக்களை மீட்டவர்கள் மக்களே. கோயில்களும் பள்ளிவாசல்களும் விகாரைகளும் தேவாலயங்களும் வந்தோர்க்கெல்லாம் கதவு திறந்தன. அன்றும் களவாடியோர் இல்லாமலில்லை. ஆயினும் ஹொப்ஸ் கூறிய போர் நிலை அங்கு தோன்றவில்லை என்பது மனங்கொள்ளத் தக்கது.

ஹொப்ஸுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சீன ஞானி மென்சியஸ் இதனை வேறுவிதமாக நோக்கினார். கிணற்றினுள் விழப்போகும் குழந்தையைக் காணும் எவனது உள்ளமும் பதறும். அப்பதற்றம் பெற்றோரின் தயவை நாடியோ ஊரார் புகழை விரும்பியோ எழுவதன்று என்பது அவர் கருத்து. ஆனால் அவ்வுணர்வு முளை மாத்திரமே என்றும், பேணி வளர்த்தாலன்றி அது பயன்தராது என்றும் அவர் கொண்டார். நமது நாட்டின் பிற்கால நிகழ்ச்சிகளை விளங்கிக்கொள்ள இக்கருத்துப் பெரிதும் உதவும்.

முகாமில் அம்மம்மாவிடம் முதலிற் கேட்கப்பட்டவை பெயரும் ஊரும் அடையாள அட்டையுமே. அதிற் குற்றங்காண்பது தகாது. காணாமற்போனோரைத் தேடவும், இழந்தவர்க்கு வீடமைக்கவும் பெயர் வேண்டும். கருணை பெயர் கேளாது. நீதியோ பெயர் கேளாமல் இயங்காது. எனவே பெயர் கேட்பது தவறன்று. ஒருவனுக்கு வேண்டியதை அறிவதற்காகக் கேட்கின்றோமா, அவனை விலக்குவதற்காகக் கேட்கின்றோமா என்பதே வினா.

இவ்வினாவுக்கு நாம் அளித்த விடை பெருமைக்குரியதன்று. நிவாரணத்தைப் பகிர்ந்து வழங்குவதற்கான பொதுக்கட்டமைப்பு ஒன்றை நிறுவ 2005 ஜூனில் அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் உடன்பட்டன. தென்னிலங்கையில் அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. பேரிழப்புக்குள்ளான முஸ்லிம்களோ தாம் அவ்வுடன்படிக்கையில் ஒரு தரப்பாகச் சேர்க்கப்படவில்லை என முறையிட்டனர். அடுத்த மாதமே அதன் முக்கிய பகுதிகளுக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2006இல் போர் மீண்டும் மூண்டது. அதே அலை 150,000இற்கு மேற்பட்டோரைக் கொன்ற ஆச்சேயில், 1976 முதல் போரிட்டு வந்த இயக்கமும் இந்தோனேசிய அரசும் 2005 ஓகஸ்ட் 15இல் ஹெல்சிங்கியில் அமைதி உடன்படிக்கை செய்துகொண்டன. அதற்கு ஆழிப்பேரலை மட்டுமே காரணம் எனல் பொருந்தாது. எனினும், ஒரே துயரத்தின் பின் இரு வழிகள் இருந்தன என்பதையும், தெரிவு மனிதருடையது என்பதையும் அது காட்டுகின்றது.

அவ்வாறாயின் அன்று வெளிப்பட்ட கருணை பொய்யா? அன்று. பின்னர் வந்த போர் அந்த இளைஞனின் செயலைப் பொய்யாக்கிவிடாது. ஆனால் அதனைக் காட்டி, நாம் நல்லவர்கள் என்று ஆறுதல் கொள்வதற்கும் இடமில்லை. அந்தக் காலைப்பொழுது நமக்குச் சான்றிதழ் எதனையும் தரவில்லை. மாறாக, ஒரு சாக்கைப் பறித்துக்கொண்டது. வேற்று இனத்தவனைத் தன்னவனாகக் கருதுவது மனிதனால் இயலாத காரியம் என்று இனி நாம் சொல்ல முடியாது. முன்னறிவித்தல் இன்றி, போதிப்பார் இன்றி, ஒரு நாழிகைக்குள் அதனைச் செய்து காட்டியவர்கள் நம் மக்களே. இயலும் என்று அறிந்த பின்னரும் செய்யாதிருப்பது இயலாமையன்று, அது தெரிவு.

தன்னைக் காத்தவன் அன்று உயிர்தப்பினானா என்பதுகூட அம்மம்மாவுக்குத் தெரியாது. அவனுக்கு நன்றி கூற அவருக்கு வழியில்லை. ஆண்டுதோறும் அந்நாளில் யாரேனும் அந்நியர் ஒருவருக்கு உணவளிப்பதை அவர் வழக்கமாக்கிக்கொண்டார். இது பற்றி ஒருமுறை வினவியபோது, "ஆருக்குக் கடன் எண்டு தெரியாட்டி, ஆருக்குக் குடுத்தாலும் சரிதானே" என்றார். கொடுத்தவன் யாரென அறியாத கடன், எதிர்ப்படும் எவர்க்கும் தீர்க்க வேண்டிய கடனாகின்றது. இதனினும் தெளிவான விடையை நான் கற்ற நூல்களில் இதுவரை கண்டிலேன்.