பெயருக்கு உரியவர் யார்?

ஒரு தொழிலைச் செய்து முடித்தவன் அதில் தன் பெயர் நிற்க வேண்டுமென்று விரும்பலாமா? அவன் விரும்பவில்லையென்றால் பிறர் அவன் பெயரை மறைத்துவிடலாமா? இவ்விரண்டும் ஒரே கேள்வி போலத் தோன்றினும், ஆராய்ந்து பார்ப்போர்க்கு வெவ்வேறு கேள்விகளாம். இவற்றை ஒன்றெனக் குழப்பிக்கொண்டதால் உழைப்பாளிகளுக்கு விளைந்த தீங்கு சிறிதன்று. இதனை விளக்குவதற்கு, காயும் கனியும் பூவும் வரைந்தே வாழ்நாளைக் கழித்த சில சித்திரக்காரர்களின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம்.

தாவர நூலுக்குப் படம் வரைவது, சுவரை அழகுபடுத்தப் படம் வரைவது போன்றதன்று. ஒரு பழத்தை முழுமையாக ஒருமுறை, குறுக்கே அறுத்து ஒருமுறை, நெடுக்கே பிளந்து ஒருமுறை வரைதல் வேண்டும். விதையைத் தனியே எடுத்து, அதனையும் பிளந்து உள்ளிருக்கும் முளையைக் காட்டுதல் வேண்டும். விளாம்பழத்தையும் வில்வப்பழத்தையும் ஓட்டோடு பார்ப்பவர் ஒன்றை மற்றொன்றாகக் கருதக்கூடும். அறுத்துப் பார்த்தாலோ, வில்வத்தில் விதைகள் வட்டமாய் அமைந்த பல அறைகளில் பசையோடு கிடக்கும். விளாவில் அறையின்றிச் சதை முழுதும் பரவிக் கிடக்கும். அறைகளை எண்ணாமல் வரைந்தவன் பொய் சொன்னவனாவான். மேலும், அறுத்த பழம் காத்திராது. சில நாழிகையிலே கருக்கும், மறுநாள் அழுகும். ஆகவே விரைவும் வேண்டும், பொறுமையும் வேண்டும்; தான் விரும்பியதை வரையாமல் உள்ளதை உள்ளபடி வரையும் நேர்மையும் வேண்டும்.

ஐதராபாத் நிஜாம் 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கும்பினியாருக்கு விட்டுக்கொடுத்த வட சர்க்கார் சீமையில் சாமல்கோட்டை என்னும் ஊர் உண்டு. அவ்வூரில் வில்லியம் ராக்ஸ்பர்க் என்னும் ஸ்காத்லாந்து வைத்தியர் 1780களில் செடிகொடிகளை ஆராய்ந்துவந்தார். நம் நாட்டுச் சித்திரக்காரர்களை அமர்த்தி, கண்ட தாவரங்களையெல்லாம் வரையச் செய்தார். அவற்றுள் தேர்ந்தெடுத்த 300 படங்கள், சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய நூலாக 1795 முதல் இலண்டனில் வெளியாயின. மேற்சொன்ன விளாவும் வில்வமும் அந்நூலில் உள்ளன. இன்று தெலுங்கானாக் காடுகளில் ஏழை மக்கள் இலை பறித்துப் பிழைக்கும் பீடியிலை மரமும் அதில் உண்டு. நூலில் ராக்ஸ்பர்க் பெயர் இருக்கிறது. வரைந்த கைகளுக்கு உரியவர் பெயர் இல்லை.

அடுத்த தலைமுறையில் சென்னை இராஜதானியில் ராபர்ட் வைட் என்னும் மற்றொரு வைத்தியர் தோன்றினார். 1819இல் இந்நாடு வந்த அவரிடம் ரங்கையா என்னும் சித்திரக்காரர் ஏறக்குறைய இருபதாண்டு வேலை பார்த்தார். அவருக்குப்பின், 1853இல் வைட் நாடு திரும்பும் வரையில், கோவிந்து என்பவர் அவ்வேலையை ஏற்றார். இருவரும் தெலுங்குப் பெயர் கொண்டவர்கள். வைட் கோயமுத்தூரில் அமெரிக்கப் பருத்திப் பயிர்ச் சோதனையை நடத்திக்கொண்டே, 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளில் 2,101 படங்கள் கொண்ட தாவர நூலைச் சென்னையிலே கல்லச்சில் வெளியிட்டார். அப்படங்களில் பலவற்றின் அடியில் வரைந்தவர் ரங்கையா, வரைந்தவர் கோவிந்து என்னும் குறிப்பு அச்சாகியிருக்கிறது. அத்துடன் நில்லாமல், 1853இல் ஓர் ஆர்க்கிட் செடிக்குக் கோவிந்துவின் பெயரையே இனப்பெயராகச் சூட்டினார் வைட்.

ராக்ஸ்பர்க், வைட் இருவரும் கும்பினியின் ஊழியரே, இருவரும் கற்றவரே. ஒருவர் நூலில் பெயரில்லை, மற்றவர் நூலில் பெயருண்டு. ஆகவே, அக்காலத்து வழக்கமே அப்படித்தான் என்று சொல்லித் தப்புவதற்கு இடமில்லை. கொடுக்க மனமுள்ளவனுக்கு அக்காலத்திலும் வழி இருந்தது.

இனி, சிலர் கேட்பர்: "நான், எனது என்பவற்றை விடவேண்டும் என்று போதிப்பவர்கள் நீங்கள். பெயருக்கு ஆசைப்படுதல் பற்றன்றோ? பெயரின்றி உழைத்த அச்சித்திரக்காரர்களே உயர்ந்தவர்கள் அல்லரோ?" கேள்வி கூர்மையானது, தட்டிக்கழிக்கத் தக்கதன்று.

பெயருக்கு ஆசைப்படுதல் பற்றே, அதில் ஐயமில்லை. ஆனால் ஒன்றை விடுவதற்கு, முதலில் அது ஒருவன் கையில் இருத்தல் வேண்டும். தன் சோற்றைப் பசித்தவனுக்கு ஈந்து பட்டினி கிடப்பது தானம். ஒருவன் சோற்றைப் பறித்துக்கொண்டு, "நீ பெரிய தியாகி" என்று அவன் முதுகைத் தட்டுவது கொள்ளை. இரண்டிலும் வயிறு காய்வது ஒன்றே, அறம் ஒன்றன்று. பெயரை விடுவது உழைத்தவன் உரிமை. அவன் சார்பில் அதனை விட்டுவிட மற்றவனுக்கு அதிகாரமில்லை. பஞ்சசீலத்தில் இரண்டாவது, கொடுக்கப்படாததை எடுக்காதிருத்தல். பொன்னும் பொருளும் மட்டுமே அதில் அடங்கும் என்று யாரும் எண்ணவேண்டாம். கொடுக்கப்படாத புகழை எடுத்துக்கொள்வதும் அதில் அடங்கும். பற்றின்மை என்னும் போதனை நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டிய மருந்து. பிறன் வாயை அடைக்கும் துணியன்று.

நாம் ஆலையில் தறி ஓட்டிய நாட்களில் கண்டதொன்றைச் சொல்லுவோம். துணி மடித்து வெளியே போகும்போது அதில் ஆலை முத்திரை மட்டுமே இருக்கும். ஆனால் இழை அறுந்த இடமோ எண்ணெய்க் கறையோ கண்டால், அது எந்தத் தறி, எந்த ஆள் என்று உடனே கண்டுபிடித்து அபராதம் போடுவர். பழுதுக்கு உழைப்பாளியின் பெயர் கிடைக்கிறது, பாராட்டுக்குக் கிடைப்பதில்லை. பெயர் தேவையில்லை என்போர் இரண்டு வேளையிலும் அதனைத் தேடாதிருத்தலன்றோ நேர்மை?

மற்றொரு தடையும் சொல்லப்படுவதுண்டு. ஒரு நூலில் எத்தனையோ பேர் உழைப்பு இருக்கிறது. மரமேறிக் கனி பறித்தவன், கல்லில் படம் பதித்தவன், காகிதம் செய்தவன் எல்லோர் பெயரையும் எங்ஙனம் எழுதுவது என்பர். எல்லோர் பெயரையும் எழுதுவது அரிதே. ஆயினும் அரிது என்பதைக் காட்டி, தெரிந்த பெயரையும் மறைப்பது நியாயமாகாது. வைட்டின் கல்வியின்றி அந்நூல் இல்லை. ரங்கையாவின் கையின்றியும் இல்லை. ஒருவரை உயர்த்த மற்றவரைத் தாழ்த்த வேண்டுவதில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னாற் போதும்.

பெயர் எழுதுவதால் உண்மைக்கும் காவல் உண்டாகிறது. ஐக்கிய அமெரிக்க நாட்டு விவசாய இலாகா 1886 முதல் 1942 வரை சித்திரக்காரர்களைக் கொண்டு 7,500க்கு மேற்பட்ட பழப்படங்களை வரைவித்தது. அவர்களுள் 1911இல் மறைந்த டெபோரா பாஸ்மோர் என்னும் மாது ஏறக்குறைய 1,500 படங்கள் வரைந்தார். வரைந்தவர் கையெழுத்து, நாள், பழம் வந்த ஊர் ஆகியவை படங்களில் குறிக்கப்பட்டன. அதனால் இன்று மறைந்துபோன பழவகைகளுக்கும் அவை சாட்சியாய் நிற்கின்றன. சாட்சிக்குப் பெயர் வேண்டுமன்றோ?

1956 வரை ஐதராபாத் இராச்சியத்தில் இருந்த அஜந்தாவை நோக்குங்கள். குகை விதானங்களில் கனிகளும் மலர்களும் இன்றும் விளங்குகின்றன. பதினாறாம் குகையைக் குடைவித்த வாகாடக அமைச்சன் வராகதேவன் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. தீட்டியவர்களின் பெயர் அங்கில்லை. பொருள் கொடுத்தவன் பெயரைக் கல்லில் வெட்டி, கை கொடுத்தவனை மறப்பது அறச்சாலைகளிலும் நிகழ்ந்ததே.

கோவிந்துவின் பெயர் தாங்கிய ஆர்க்கிட் இனம், பின்வந்த அறிஞர்களால் முன்பே பெயரிடப்பட்ட வேறோர் இனத்துடன் சேர்க்கப்பட்டது, அப்பெயர் வழக்கொழிந்தது. பெயரும் அநித்தியமே. ஆயினும் வைட் செய்தது வீணாகவில்லை. 2007இல் எடின்பரோ தாவரவியல் தோட்டத்து அறிஞர் ஹென்றி நோல்டி அவ்விருவர் சித்திரங்களைப் பற்றி அவர்கள் பெயர் சொல்லியே நூல் வெளியிட முடிந்ததற்கு, படத்தடியில் இருந்த அச்சிறு குறிப்புகளும் காரணமாம்.

ஆதலின் சகோதரர்களே, நம் பெயருக்கு நாம் ஏங்காதிருப்போம். பிறர் பெயரை மறவாதிருப்போம். நம் சங்கத்துக் கட்டடத்தில் நன்கொடையாளர் பெயர்ப் பலகை வைக்கும்போது, சுவர் எழுப்பிய கொத்தனார் பெயரையும், விழாவுக்குச் சமைத்தவர் பெயரையும் கேட்டு எழுதுங்கள். "வேண்டாம்" என்று அவர்களே சொல்லட்டும். அதைச் சொல்லும் உரிமை அவர்களுடையது.